எடை போடாமல் கையெழுத்துப் போடாதீர்கள்

கடிதம்:

வணக்கம் மேடம். தென் மாவட்டம் ஒன்றில் ஏட்டாக இருக்கிறேன். பதினேழு வருட சர்வீஸ். எங்கள் காவல் நிலையத்தில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ரைட்டருக்கு மாறுதல் வந்துவிட்டதால் வழக்குச் சொத்து அறையை என்னிடம் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே 2019-லிருந்து கிடக்கும் கஞ்சா மூட்டைகள் இருக்கின்றன. மொத்தம் நான்கு வழக்கு. கோர்ட்டில் இடமில்லை என்று எங்களிடமே திருப்பிக் கொடுத்தவை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே எலி வளை. கைப்பற்றிய அன்று எழுதிய மகஜரில் 24 கிலோ என்று இருக்கும் ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன். பஞ்சு மாதிரி வருகிறது. பழைய ரைட்டர், "கணக்கு எழுத்துல சரியா இருக்கு, கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்கிறார். ஆய்வாளர், "கேஸ் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். நான் கையெழுத்துப் போட மறுக்கலாமா? நாளைக்கு எடை குறைந்தால் யார் பதில் சொல்வது? கேஸ் முடியும்வரை இதை வைத்துக்கொண்டேதான் இருக்க வேண்டுமா? நிலையத்துக்குப் பின்னால் குழி வெட்டிக் கொளுத்திவிட முடியாதா? என் பெயர், ஊர் வேண்டாம்.

பதில்:

தம்பி, முதலில் உங்கள் கேள்விகளில் அவசரமானதுக்கு வருகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். பொறுப்பேற்க மறுக்கச் சொல்லவில்லை. அது உங்கள் வேலை, மறுத்தால் அதற்கே ஒரு மெமோ வரும். எடை போடாமல் போடாதீர்கள் என்கிறேன். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

போதைப்பொருள் வழக்குகளில் அரசுத் தரப்பில் பல வருடம் நின்றவள் நான். இப்போது எதிர்த்தரப்பிலும் நிற்கிறேன். அதனால் அந்த மூட்டையைக் குறுக்கு விசாரணையில் எப்படிப் பிரிப்பார்கள் என்று இரண்டு பக்கமிருந்தும் தெரியும். "சொத்தை நீங்கள் எப்போது பொறுப்பேற்றீர்கள்? அன்றைக்கு அதன் எடை என்ன? அரக்கு முத்திரை உடையாமல் இருந்ததா?" இந்த மூன்று கேள்விக்கும் கூண்டில் நிற்கப்போவது நீங்கள்தான். பழைய ரைட்டர் அதற்குள் வேறு மாவட்டத்தில் ஓய்வு பெற்றிருப்பார்.

ஒப்படைக்கும் நாளன்று ஆய்வாளர் முன்னிலையில், பழைய ரைட்டரும் கூட இருக்க, ஒவ்வொரு மூட்டையையும் முத்திரையிட்ட தராசில் வையுங்கள். மூட்டையைப் பிரிக்க வேண்டாம். அதன் அரக்கு முத்திரையைத் தொடக்கூடக் கூடாது. மொத்த எடையைப் போட்டால் போதும். குற்ற எண், மூட்டை எண்ணிக்கை, முத்திரையின் நிலை, சாக்கில் ஓட்டை இருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா, அன்றைய எடை என்ன என்று வழக்குவாரியாக ஒரு பட்டியல் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள். நிலையத்தின் பொது நாட்குறிப்பிலும் ஏற்றுங்கள். போட்டோ எடுத்து வையுங்கள், ஆனால் உங்கள் சொந்த செல்போனில் வேண்டாம். மகஜரில் இருக்கும் எடை சாக்கோடு சேர்த்துப் போட்டதா, சரக்கு மட்டுமா என்று பாருங்கள். பழைய மகஜர்களில் பெரும்பாலும் அதைத் தெளிவாக எழுதியிருக்க மாட்டார்கள். அதே மாதிரி வெறும் சாக்கு ஒன்றை எடை போட்டுப் பக்கத்தில் குறித்தால், பிற்பாடு ஒன்றரை கிலோவுக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்காது.

எடை குறைந்திருந்தால் "குறைந்திருக்கிறது" என்று அந்தப் பட்டியலிலேயே எழுதி, ஆய்வாளருக்கு ஓர் அறிக்கை கொடுங்கள். டி.எஸ்.பி.க்கும் அவர் வழியாகவே போகட்டும். இதனால் ஆய்வாளருக்குக் கோபம் வரலாம். வரட்டும். சட்டப்படி முதல் பொறுப்பு அவருடையதுதான். போதைப்பொருள் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, கைப்பற்றிய பொருளை மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வரும்வரை பத்திரமாக வைத்திருக்கும் கடமையை நிலையப் பொறுப்பு அதிகாரியிடம்தான் கொடுத்திருக்கிறது. ஏட்டு அவருக்குக் கீழே சாவியை வைத்திருப்பவர். ஆனால் குறைவைத் தெரிந்தும் சொல்லாமல் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அது உங்கள் குறைவாகிவிடும். தெரிந்தே உடந்தையாக இருந்ததாகச் சொல்லி 59-ஆம் பிரிவுக்குள் யாராவது உங்களை இழுத்துவிட்டால், அதில் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. பயமுறுத்தச் சொல்லவில்லை. ஒரு நாள் தராசைப் பிடிக்கச் சோம்பல்பட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய வம்பு இல்லை அது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிச்சயம் யாராவது உங்களிடம் இந்த யோசனையோடு வருவார்கள். "வேற கேஸ்ல எக்ஸ்ட்ரா கிடக்கு, அதுல கொஞ்சம் போட்டு நிரப்பிடலாம்" என்று. செய்யவே செய்யாதீர்கள். நான் நடத்திய ஒரு வழக்கில், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், கோர்ட்டில் மூட்டையைப் பிரித்து எடை போட்டபோது மகஜரில் இருந்ததைவிட இரண்டு கிலோ அதிகமாக இருந்தது. குறைந்திருந்தால் காய்ந்துவிட்டது என்று சொல்லியிருப்பேன், எலி மேலாவது போட்டிருப்பேன். கூடினதுக்கு என்ன சொல்ல? எலி எங்கிருந்து கொண்டுவந்து வைத்தது? நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் அன்றைக்கே வெளியே போய்விட்டார்.

எலிக் கதைக்கும் கோர்ட்டில் இப்போது மதிப்பில்லை. உத்தரப் பிரதேசத்தில் மதுரா காவல்துறை 2022 நவம்பரில், இரண்டு நிலையங்களில் வைத்திருந்த 581 கிலோ கஞ்சாவை எலி தின்றுவிட்டது என்று அறிக்கை கொடுத்தது. நீதிமன்றம் அதற்கு ஆதாரம் கேட்டது. ஊரே சிரித்தது. நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? சென்னையில் 22 கிலோ கஞ்சா பிடித்த ஒரு வழக்கில் 11 கிலோவை எலி தின்றுவிட்டது என்று அரசுத் தரப்பு சொல்லி, 2023 ஜூலையில் இரண்டு பேர் விடுதலையானார்கள். கஞ்சாவில் 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. 10 முதல் 20 ஆண்டு வரை சிறை, குறைந்தது 1 லட்சம் அபராதம். அந்த எல்லைக்கோட்டில் நிற்கும் வழக்கில் பாதிச் சரக்கைக் காணோம் என்றால் எந்த நீதிபதி தண்டிப்பார்?

எல்லாக் குறைவும் திருட்டு என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆந்திர, ஒடிசா எல்லையிலிருந்து வரும் சரக்கை ஈரம் முழுக்கப் போகும் முன்பே பிரவுன் டேப் போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஐந்தாறு கோடை ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே கிடந்தால் காயத்தான் செய்யும், உதிரும், பொடியாகும். உங்கள் 24 கிலோ மூட்டை பஞ்சு மாதிரி வருவதில் கொஞ்சம் வெயிலின் பங்கும் இருக்கலாம். எவ்வளவு வெயில், எவ்வளவு எலி, எவ்வளவு மனிதன் என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலையல்ல. இன்றைய எடையை எழுதி வைப்பதோடு உங்கள் வேலை முடிந்தது.

சரி, இப்போது நீங்கள் மூன்றாவதாகக் கேட்டதற்கு வருகிறேன். எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி. கேஸ் முடியும்வரை மூட்டையைக் காவல் காக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சட்டம் சொல்வது நேர் எதிரானது. ஆனால் பாதி நிலையங்களில் "கேஸ் முடியட்டும்" என்பதுதான் இன்றைக்கும் வேதவாக்கு.

1985-ல் வந்த சட்டத்தில் 1989-ல் 52-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சேர்த்ததற்குக் காரணமே இந்த மூட்டைகள்தான். சரக்கு கெட்டுப்போகும், திருடு போகும், மாற்றி வைப்பார்கள், வைக்க இடமும் இல்லை. அதனால் கைப்பற்றியதும் நிலையப் பொறுப்பு அதிகாரி ஒரு விவரப் பட்டியல் தயாரித்து மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட வேண்டும். பட்டியல் சரியென்று மாஜிஸ்திரேட் சான்றளிப்பார், அவர் முன்னால் போட்டோ எடுப்பார்கள், அவர் முன்னாலேயே மாதிரியும் எடுப்பார்கள். அதற்கப்புறம் அந்தப் பட்டியல், போட்டோ, மாதிரி மூன்றுமே முதன்மைச் சான்று. மூட்டை சாம்பலானாலும் வழக்கு நிற்கும்.

2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோகன்லால் வழக்கில் இதை இன்னும் இறுக்கிச் சொன்னது. நாடு முழுக்க எவ்வளவு பிடித்தார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள், எவ்வளவு அழித்தார்கள் என்று மாநிலங்களிடம் கணக்குக் கேட்டு, வந்த பதில்களைப் பார்த்து நொந்துபோய்க் கொடுத்த தீர்ப்பு. போதைப்பொருளுக்கென்றே தனிக் கிடங்கு, பெட்டக அறை, இரட்டைப் பூட்டு, ஒவ்வொரு கிடங்குக்கும் பொறுப்பாக ஓர் அதிகாரி, எல்லாம் ஆறு மாதத்துக்குள் வேண்டும் என்றது. ஆறு மாதம்! உங்கள் கடிதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்று படித்தபோது எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வந்தது. பிறகு 2022 டிசம்பரில் கைப்பற்றுதல், சேமிப்பு, மாதிரி எடுத்தல், அழித்தல் எல்லாவற்றுக்கும் சேர்த்து மத்திய அரசு தனி விதிகளையே கொண்டுவந்துவிட்டது. கஞ்சா என்றால் ஒவ்வொரு மாதிரியும் 24 கிராம், இரட்டைப் பிரதியாக. ஒரே மாதிரி இருக்கும் பொட்டலங்களை நாற்பது நாற்பதாகச் சேர்த்து ஒரு தொகுதியாக வைத்துக்கொள்ளலாம். ஆய்வகம் 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

ஆகவே உங்கள் நான்கு வழக்குக் கட்டையும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் 52-ஏ சான்று இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். மாஜிஸ்திரேட் கையெழுத்திட்ட பட்டியல், போட்டோ, மாதிரி விவரம். அது இருக்கும் வழக்குகளில் அந்த மூட்டைக்கு இனி அந்த அறையில் வேலையே இல்லை. எடை குறைந்திருந்தாலும் வழக்குக்கு அது உயிர்ச்சேதம் இல்லை. மாஜிஸ்திரேட் பார்த்த அன்றைய எடைதான் பேசும். துறைக்குள் கேள்வி வரும், அது வேறு. அப்படிப்பட்டவற்றை மாவட்ட அழிப்புக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி ஆய்வாளர் வழியாக எழுதுங்கள்.

சான்று இல்லாத வழக்குகளில்தான் கவனம் வேண்டும். 2019-ல் பிடித்தது என்பதால், சம்பவ இடத்திலேயே இரண்டு சாம்பிள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தைக் கட்டி வைத்திருப்பார்கள். அப்போது அதுதான் நடைமுறை என்று எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படிப்பட்ட வழக்குகளை நடத்தியிருக்கிறேன். சென்னை செங்குன்றம் பக்கம் 2000-ல் ஒரு லாரியில் 20 கிலோ ஹெராயின் பிடித்த வழக்கு ஒன்று உண்டு. கீழ்க்கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் தண்டித்த பிறகு, மாதிரியை மாஜிஸ்திரேட் முன்னால் எடுத்ததற்கு ஆதாரமில்லை என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. இருபத்து மூன்று வருடம் கழித்து! 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது. 52-ஏ-யில் ஒரு குறை இருந்ததாலேயே வழக்கு விழுந்துவிடாது, மற்றச் சாட்சியங்கள் நம்பும்படி இருக்கின்றனவா, மொத்தத்தில் நடைமுறையைப் பின்பற்றினார்களா என்று பார்க்க வேண்டும் என்கிறது. அதனால் தாமதமாகவாவது இப்போது மனுப் போடுவது நல்லது. அரசு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு ஆய்வாளர் அதைச் செய்யட்டும். மாஜிஸ்திரேட் முன்னால் வைக்கும் எடை இன்றைய எடைதான். குறைவு ஏன் என்று விளக்கம் எழுத வேண்டியிருக்கும், எழுதத்தான் வேண்டும்.

குழி வெட்டிக் கொளுத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் மனநிலை புரிகிறது. ஆனால் கூடாது. அழிப்பதற்கு ஒரு குழு உண்டு. தலைவரும் இரண்டு உறுப்பினர்களும். தலைவர் எஸ்.பி. தரத்துக்குக் குறையாதவராக இருப்பார். அந்தக் குழு 1,000 கிலோ வரை கஞ்சாவை அழிக்க உத்தரவிடலாம் என்று 2015 அறிவிக்கை சொன்னது. ஹெராயின் என்றால் 5 கிலோ, கொக்கைன் 2 கிலோதான். எரிக்கும் முன்பு குழு தானே நேரில் வந்து மூட்டையைப் பார்த்து, எடை போட்டு, மகஜரோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். பார்த்தீர்களா, இன்றைக்கு நீங்கள் தவிர்க்கும் தராசு அங்கே போய் நின்றுகொண்டிருக்கிறது. குறைவு எப்படியும் வெளியே வரும். அன்றைக்குச் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

எரிப்பதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி உள்ள எரிஉலையில்தான். நம் ஊரில் இதற்கு ஆஸ்பத்திரிக் கழிவு எரிக்கும் ஆலைகளைப் பயன்படுத்துகிறார்கள். சென்னைச் சரக்கு செங்கல்பட்டுப் பக்கம் தென்மேல்பாக்கத்துக்குப் போகும், மத்திய மண்டலத்துச் சரக்கு தஞ்சாவூர்ச் செங்கிப்பட்டிக்குப் போகும். அந்த உலையில் இரண்டு அறை உண்டு. முதல் அறையில் சுமார் 800 டிகிரியில் பொருள் எரியும். வரும் புகை இரண்டாவது அறையில் 1,050 டிகிரி வெப்பத்தில் குறைந்தது இரண்டு விநாடி நின்று எரிந்த பிறகுதான், 30 மீட்டர் உயரப் புகைபோக்கி வழியாக வெளியே போகும். கஞ்சாவின் போதைச் சத்து அந்தச் சூட்டில் மிஞ்சாது. நிலையத்துக்குப் பின்னால் குழியில் போட்டுப் பெட்ரோல் ஊற்றினால் பாதி கருகும், பாதி புகையும், தெருவே வாசனை பிடிக்கும். நாலு இளவட்டங்கள் செல்போனோடு வந்து நிற்பார்கள். அதைவிட முக்கியம், எரித்ததற்கு உங்களிடம் ஒரு துண்டுத்தாள்கூட இருக்காது.

அந்தத் தாள்தான் உங்களுக்கு வேண்டும். அழிப்புச் சான்றிதழ் மூன்று பிரதி. குழுத் தலைவரும் உறுப்பினர்களும் கையெழுத்திட்டது. ஒன்றைக் கிடங்குப் பதிவேட்டில் அந்தச் சொத்தின் பதிவுக்கு எதிரே ஒட்ட வேண்டும், ஒன்று வழக்குக் கட்டுக்கு, ஒன்று குழுவுக்கு. ஒட்டிய அன்றைக்குத்தான் அந்த மூட்டை உங்கள் தலையிலிருந்து இறங்கியதாக அர்த்தம். லாரியில் ஏற்றி அனுப்பியாயிற்று என்று நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். அனுப்பினதுக்கு ரசீது இருந்து, அழித்ததுக்குச் சான்று இல்லாமல் மாட்டியவர்களை எனக்குத் தெரியும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நினைக்கலாம். மேலே மனது வைத்தால் நடக்கிறது. 2023 ஜூலை 17 அன்று நாட்டின் பல நகரங்களில் ஒரே நாளில் 1,44,000 கிலோவுக்கு மேல் எரித்தார்கள். டெல்லியில் உட்கார்ந்து உள்துறை அமைச்சர் காணொளியில் பார்த்தார். அந்தக் கணக்கில் உங்கள் நான்கு வழக்கு எம்மாத்திரம்? மாவட்ட அலுவலகத்திலிருந்து நிலுவைப் பட்டியல் கேட்டு எப்போதாவது ஒரு தாள் வரும். அது வரும்போது பல நிலையங்களில் "இல்லை" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள், வேலை மிச்சம் என்று. உங்கள் நிலையத்தில் அந்தத் தாளுக்கு இனி நீங்கள் பதில் எழுதுங்கள்.

அழித்த பிறகும் ஒன்று மிஞ்சும்: மாதிரியின் இரண்டாவது பிரதி. வழக்கு முடியும்வரை அது இருந்தே ஆக வேண்டும். கையளவு கவர்தான். மூட்டையைக் காணோம் என்றால் ஊர் முழுக்கத் தேடுவார்கள், இது காணாமல் போனால் கோர்ட்டில் கேட்கும் வரை யாருக்கும் தெரியாது. ஒப்படைப்புப் பட்டியலில் ஒவ்வொரு வழக்குக்கும் அதற்கென்று தனி வரி போடுங்கள். மூட்டையோடு சேர்த்து வைக்காமல் இரும்பு பீரோவில் வையுங்கள். அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். கூரை மாறுகிறதோ இல்லையோ, நீங்கள் கேட்டது பதிவில் இருக்கட்டும்.

கடிதத்தில் நான்கு வழக்கின் குற்ற எண்ணையும் ஆண்டோடு எழுதியிருந்தீர்கள். எனக்கு அது தேவைப்படவில்லை, அடித்துவிட்டேன். இனி யாருக்கு எழுதினாலும் எண்ணை எழுதாதீர்கள். அந்த மூட்டை எங்கே கிடக்கிறது, கதவு எப்படி இருக்கிறது என்பதையும்.